பந்தின் வழியை அளந்த பேராசிரியர்

கற்றவர் பிழைபட்டார் என்னும் கதையை உலகம் என்றும் விரும்பிக் கேட்கும். ஏட்டிலே வல்லவரைக் கையிலே வல்லவர் வென்றார் எனின் அக்கதை ஊர்தோறும் சென்று உரம் பெறும். வென்றவர் மகனும் தோற்றவர் தந்தையுமாயின் அதன் சுவைக்குக் கேட்பானேன்! ஸ்கொத்லாந்து நாட்டிலே கோல்ப் ஆட்டக்காரரிடையே அத்தகைய கதை ஒன்று நூறாண்டுக்கு மேலாக வழங்கி வருகின்றது.

எடின்பரோப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் ஒருவர், அடிபட்ட கோல்ப் பந்து காற்றிலே 190 யார் தூரத்தைக் கடந்து செல்லுதல் இயலாதென்று கணிதத்தால் நிறுவினாராம். அவர் மகனோ மறுநாட் காலையிலே மைதானத்துக்குச் சென்று 250 யார் தூரம் பந்தைப் பறக்கவிட்டுத் தந்தையின் கணக்கைப் பொய்யாக்கினானாம். தந்தையின் பெயர் பீற்றர் கத்ரி டெயிற். மகனின் பெயர் பிரெடரிக் கத்ரி டெயிற். நாட்டார் அன்போடு வழங்கிய பெயர் பிரெடி.

இருவரும் வாழ்ந்தது மெய். அத்தூரம் பந்து பறந்ததும் மெய். கதை மாத்திரம் பொய். அப்பொய் எவ்விடத்திலே புகுந்தது என்பதை அறிவதற்குப் பேராசிரியரின் வரலாற்றை முதலிலிருந்தே நோக்குதல் வேண்டும். விளையாட்டுப் பொருள்கள் காற்றோடு கொள்ளும் உறவை அளந்தறியும் துறை எவ்வாறு தோன்றியதென்பதும் அவ்வரலாற்றினுள்ளே அடங்கியிருக்கின்றது.

இளமையும் கல்வியும்

டெயிற் 1831ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 28ஆம் நாள் எடின்பரோவுக்கு அணித்தாயுள்ள டல்கீத் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் பிரபு ஒருவரிடம் செயலாளராய் இருந்தவர். மகன் சிறுவனாய் இருக்கும்போதே அவர் காலமானார். தாயாரோடு எடின்பரோ நகருக்கு வந்த சிறுவனை மாமனார் ஆதரித்தார். வங்கித் தொழில் புரிந்த அம்மாமனாருக்கு வானநூலிலும் மண்ணியலிலும் பற்று மிகுதி. இரவிலே விண்மீன்களைக் காட்டியும் பகலிலே பாறைகளைக் காட்டியும் அவர் ஊட்டிய அறிவு மருமகனின் உள்ளத்திலே ஆழப் பதிந்தது.

பின்னர் எடின்பரோ அக்கடமி என்னும் பள்ளியிலே சேர்ந்த டெயிற்றுக்கு ஒரு வகுப்பு மேலே பயின்ற மாணவர், பிற்காலத்திலே மின்காந்தக் கொள்கையை வகுத்து உலகப் புகழ் பெற்ற ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் ஆவார். பள்ளியிலே தொடங்கிய அவ்விருவர் நட்பு மக்ஸ்வெல் 1879ஆம் ஆண்டிலே காலமாகும்வரை குறையாது நின்றது. மாணவப் பருவத்திலே கணக்குகளைப் பரிமாறிக்கொண்டவர்கள், முதிர்ந்த பருவத்திலே புதிய கொள்கைகளைக் கடிதங்களிற் பரிமாறினார்கள். அவற்றிடையே நகைச்சுவைக்கும் குறைவில்லை.

எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் சிறிது காலம் பயின்றபின் 1848ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் சென்ற டெயிற், 1852ஆம் ஆண்டின் கணிதப் பெருந்தேர்விலே முதல்வராகத் தேறினார். அப்பொழுது அவருக்கு வயது இருபதே. அத்தேர்விலே இரண்டாம் இடம் பெற்ற ஸ்ரீல் என்பவர் அவருடைய கல்லூரித் தோழர். இருவரும் சேர்ந்து இயக்கவியல் நூலொன்றை எழுதத் தொடங்கினர். தோழர் சில பகுதிகளையே எழுதிய நிலையில் இளமையிலேயே மறைந்துபோக, எஞ்சிய பெரும்பகுதியைத் தாமே எழுதி முடித்த டெயிற், 1856ஆம் ஆண்டிலே நூல் வெளிவந்தபோது தோழர் பெயரையும் தம் பெயரோடு பொறித்தார். அவர் இயல்பைக் காட்ட இச்செயல் ஒன்றே சாலும்.

ஆசிரியப் பணி

1854ஆம் ஆண்டிலே அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகர்க் கல்லூரியிலே கணிதப் பேராசிரியரானார். அங்கே அன்றூஸ் என்னும் இரசாயன அறிஞரோடு கூடி ஓசோன் வாயுவை ஆராய்ந்தபோது, தராசையும் கண்ணாடிக் குழாயையும் பொறுமையோடு கையாளும் பழக்கம் அவருக்கு வாய்த்தது. ஏட்டுக் கணிதராய் இருந்தவர் கைவினையறிந்த ஆய்வாளரானது பெல்பாஸ்ற்றிலேதான்.

1860ஆம் ஆண்டிலே எடின்பரோவின் பௌதிகப் பேராசிரியர் பதவி வெற்றிடமாயிற்று. அதற்கு விண்ணப்பித்தோருள் மக்ஸ்வெல்லும் ஒருவர். ஆராய்ச்சித் திறத்தில் மக்ஸ்வெல்லை மிஞ்சுவார் அரியர். எனினும் தொடக்க மாணவர்க்கு விளங்க உரைக்கும் ஆற்றல் டெயிற்றிடமே மிகுதியென்று கருதப்பட்டது. பதவி அவருக்கே கிடைத்தது. நண்பர் இருவரும் அதனால் மனம் வேறுபட்டாரல்லர். அன்று தொட்டு 1901ஆம் ஆண்டுவரை, நாற்பதாண்டுக் காலம், அப்பீடத்திலிருந்து அவர் கற்பித்தார். பீற்றர் பான் என்னும் கதையைப் படைத்த பரி என்பாரும் அவர் வகுப்பிலே அமர்ந்தவர்.

வில்லியம் தொம்சன் என்னும் கெல்வின் பிரபுவோடு சேர்ந்து டெயிற் எழுதிய இயற்கைத் தத்துவ நூல் 1867ஆம் ஆண்டிலே வெளிவந்து ஒரு தலைமுறை முழுவதற்கும் பாடநூலாயிற்று. அதே ஆண்டிலே தம் வகுப்பறையிற் பெட்டியொன்றிலிருந்து புகை வளையங்களை எழுப்பிக் காட்டினார். அவை ஒன்றோடொன்று மோதியும் உடையாது துள்ளி விலகுவதைக் கண்ட தொம்சன், அணுக்களும் இத்தகைய சுழல் வளையங்களே என்றொரு கொள்கையை வகுத்தார். அணுக்கள் முடிச்சுக்களாயின் முடிச்சுக்கள் எத்தனை வகையென எண்ண வேண்டுமன்றோ? டெயிற் அவற்றை வகைப்படுத்தத் தொடங்கினார். அணுக்கொள்கை பின்னர் வீழ்ந்தது. அதற்காக அவர் தொகுத்த முடிச்சு அட்டவணையோ கணிதத்தின் ஒரு கிளைக்கு வித்தாகி நின்றது. ஆழ்கடலை ஆராய்ந்து 1876ஆம் ஆண்டிலே மீண்ட சலஞ்சர் என்னும் கப்பலின் வெப்பமானிகள், நீரின் பேரமுக்கத்தால் எத்துணைப் பிழை காட்டின என்பதைச் சோதித்துத் திருத்தியவரும் அவரே.

அவரிடம் குறையில்லாமலில்லை. கருத்து வேறுபாட்டிலே அவர் சொல் கடுமையாகும். வெப்பவியலிலே எவர் முந்தியவர் என்னும் வழக்கில் ஜேர்மானிய அறிஞரோடும் தம் நாட்டு அறிஞரோடும் நெடுங்காலம் பொருதார். தாம் மதித்தவருக்காக அளவு கடந்து வாதிடுவது அவர் பழக்கம். அத்தகையவர் ஒருவர் சறுக்கி வீழ்ந்தாரென்று கேட்டபோது உலகம் சற்றே கூடுதலாய் மகிழ்ந்ததெனின் வியப்பில்லை.

கடற்கரைப் புல்வெளி

ஆண்டுதோறும் விடுமுறை வந்ததும் டெயிற் குடும்பத்தோடு சென் அன்றூஸ் என்னும் கடற்கரை ஊருக்குச் செல்வார். கோல்ப் ஆட்டத்தின் தாயகமென எண்ணப்படுவது அவ்வூர். சிறு பந்தொன்றைக் கோலால் அடித்துக் கொண்டுபோய், பரந்த புல்வெளியிலே தொலைவில் உள்ள குழியினுள் வீழ்த்துவது ஆட்டம். குறைந்த அடிகளில் வீழ்த்துபவரே வெல்பவர். வடகடற் காற்று ஓயாது வீசும் அப்புல்வெளியிலே பேராசிரியர் விடியற்காலையிலேயே இறங்கிவிடுவார். ஒரே நாளிற் பல சுற்று ஆடியும் சலியார். தேர்ந்த ஆட்டக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது; தீராத ஆர்வமுடையவர் என்று சொல்லலாம்.

பகல் போதாதென்று ஓரிரவு ஒளிரும் பாசுபரசைப் பூசிய பந்துகளை ஆட முயன்றார். உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லியும் இரசாயனப் பேராசிரியரும் டெயிற்றின் சகலருமான கிறம் பிரவுணும் உடனிருந்தனர். பந்துகள் மின்மினிபோல் ஒளிர்ந்தன; ஆட்டமும் இனிதே சென்றது. சிறிது நேரத்தில் கிறம் பிரவுணின் கையுறையிலே தீப்பற்றிக்கொண்டது. புண்பட்ட கைக்கு ஹக்ஸ்லி மருந்திட, பேரறிஞர் மூவரும் வாடிய முகத்தோடு வீடு திரும்பினர். விளையாட்டையும் ஆராய்ச்சியையும் பிரித்தறியாத உள்ளம் அவருடையது.

பேராசிரியரின் மக்களும் தந்தையின் பற்றைப் பெற்றனர். மூத்தவராகிய ஜோன் கத்ரி டெயிற் பிற்காலத்திலே பெங்களூர் மத்திய கல்லூரியின் அதிபராய் விளங்கினார். 1870ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் பிறந்த மூன்றாம் மகன் பிரெடியிடமோ தந்தையின் ஆர்வத்தோடு தந்தைக்கு வாய்க்காத கைத்திறனும் வந்து பொருந்தியது. இராணுவத்திலே சேர்ந்த அவர் 1896ஆம் ஆண்டிலும் 1898ஆம் ஆண்டிலும் தொழில் முறையல்லாத ஆட்டக்காரர்க்குரிய பிரித்தானிய வீரப்பட்டத்தை வென்றார். ஓயாது வெல்லும் வீரரென்பதோடு இனிய பண்பினர் என்றும் மக்கள் அவரைக் கொண்டாடினர்.

கணக்கில் அகப்படாத தூரம்

எறியப்பட்ட பொருளின் வழியைக் கலிலியோ வகுத்தார். காற்றுத் தடையை நீக்கிப் பார்த்தால் அது பரவளைவாகும். காற்றின் தடையைச் சேர்த்தால் வளைவு குறுகும். பொருள் விரைவிலே நிலத்தைச் சேரும். இது மாணவரும் அறிந்த செய்தி. பேராசிரியர் தம் கண்ணெதிரே பறந்த பந்துகளை இவ்விதியோடு ஒப்பிட்டபோது இரண்டும் பொருந்தவில்லை. நன்கு அடிபட்ட பந்து தாழ்ந்த கோணத்திலே புறப்படுகின்றது. ஆயினும் உடனே வளைந்து விழுவதில்லை. நேர்கோட்டிலே செல்வதுபோலச் செல்கின்றது. சில வேளை மேல்நோக்கியும் வளைகின்றது. வழியின் உச்சி நடுவில் அமையாது முடிவுக்கு அண்மையில் அமைகின்றது. ஏறத்தாழ ஆறு விநாடி அது வானிலே நிற்கின்றது.

தடையை மாத்திரம் கொண்டு அவர் கணக்கிட்டார். 190 யார் அளவிலே பந்து விழுந்துவிட வேண்டுமென்று விடை வந்தது. பந்து அத்துணை நேரம் வானிலே நிற்பதற்கும் அக்கணக்கு இடந்தரவில்லை. கணக்குச் சொல்லும் எல்லையை ஆட்டக்காரர் நாள்தோறும் நெருங்கியும் கடந்தும் வந்தனர். ஈண்டு இருவகை மனப்பான்மை தோன்றுதல் கூடும். கண்டது பிழையென்று கணக்கைக் கட்டிக்கொள்வது ஒன்று. கணக்கிலே எதுவோ விடுபட்டதென்று தேடுவது மற்றொன்று. டெயிற் தேடினார். பந்தைத் தாங்குகின்ற விசையொன்று காற்றிலே பிறத்தல் வேண்டும். அதனைப் பிறப்பிப்பது பந்தின் சுழற்சியே என்பது அவர் கண்ட முடிபு.

இக்கருத்துக்கு முன்னோர் உளர். சாய்த்துப் பிடித்த மட்டையால் அடிபட்ட ரெனிஸ் பந்து வளைந்து செல்வதை நியூற்றன் 1672ஆம் ஆண்டிலேயே குறித்திருந்தார். பீரங்கி நூல் வல்ல பெஞ்சமின் ரொபின்ஸ் 1742ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலிலே துப்பாக்கிக் குண்டின் விலகலுக்குச் சுழற்சியைக் காரணமாக்கினார். கணிதப் பேரறிஞர் ஒயிலர் அதனை ஏற்கவில்லை. ரொபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பனியின் பொறியியலாளராய் வந்து, கடலூருக்கு அணித்தாயுள்ள சென் டேவிட் கோட்டையிலே 1751ஆம் ஆண்டிலே இறந்தார். நூறாண்டின்பின், 1852ஆம் ஆண்டு, பேர்லின் நகரத்து மக்னஸ், சுழலும் உருளையின்மீது காற்றை ஊதச்செய்து, அது ஒரு பக்கமாகத் தள்ளப்படுவதைக் காட்டினார். அவ்விளைவு இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. டெயிற்றோ ரொபின்ஸின் பெயரை மறவாது போற்றினார்.

சுழற்சி விசையைப் பிறப்பிக்கும் வகையை எளிதிற் கூறலாம். கோலின் முகம் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், அடிபட்ட பந்து முன்னே பாயும்போதே பின்னோக்கிச் சுழல்கின்றது. அதன் மேற்பரப்பு பின்புறமாகவும் கீழ்ப்பரப்பு முன்புறமாகவும் நகர்கின்றன. எதிரே வரும் காற்று மேற்பக்கத்திலே பரப்போடு இசைந்து ஒட்டி வழிந்து பின்னே கீழ்நோக்கித் திரும்புகின்றது; கீழ்ப்பக்கத்திலே பரப்போடு முரணி விரைவிற் பிரிந்துவிடுகின்றது. பந்து காற்றைக் கீழே தள்ள, காற்றுப் பந்தை மேலே தள்ளுகின்றது. சுழல் அச்சு ஒரு பக்கம் சாய்ந்தால் அதே விசை பந்தை வலப்பக்கமோ இடப்பக்கமோ இழுத்துச் செல்லும். புதிதாய் ஆடுவோரை வருத்தும் கோணற்பந்துக்கும் நெடுந்தூரப் பந்துக்கும் காரணம் ஒன்றேயாயிற்று. 1887ஆம் ஆண்டிலேயே சுழற்சியைப்பற்றி அவர் பத்திரிகையில் எழுதிவிட்டார் என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

ஊசலும் நாடாவும்

சொல்லியது போதாது, அளந்து காட்ட வேண்டும். பந்து கோலை விட்டுப் புறப்படும் வேகம் என்ன? அது எத்துணை விரைவாகச் சுழல்கின்றது? விநாடியின் சிறு கூற்றிலே நிகழ்ந்துவிடும் ஒன்றை அளப்பதற்கு இன்றுள்ள மின்னணுக் கருவிகள் அன்று இல்லை. பல்கலைக்கழக அறையொன்றிலே பேராசிரியர் பாரமான ஊசலொன்றைத் தொங்கவிட்டார். அதன் முகத்திலே களிமண் அப்பப்பட்டிருந்தது. ஆட்டக்காரர் சில அடி தூரத்தில் நின்று பந்தை அதன்மீது அடிப்பர். பந்து களிமண்ணிலே புதையும். ஊசல் பின்னே நகரும். நகர்ந்த அளவைக்கொண்டு பந்தின் வேகம் கணிக்கப்படும். ரொபின்ஸ் துப்பாக்கிக் குண்டை அளந்த முறை இதுவே. குண்டுக்குப் பதிலாகப் பந்தும், துப்பாக்கிக்குப் பதிலாகப் பிரெடியின் கைகளும் வந்தன.

சுழற்சியை அளந்த முறை இதனினும் எளிது. மெல்லிய நாடாவின் ஒரு நுனியைப் பந்திலே பொருத்தி, மறு நுனியை அசையாத இடத்திலே கட்டி, முறுக்கின்றி விரித்துவிடுவார். பந்து அடிபட்டுக் களிமண்ணிலே புதைந்ததும் நாடாவில் ஏறிய முறுக்குகளை எண்ணுவார். அச்சிறு தூரத்துக்குள்ளே பந்து எத்தனை முறை சுழன்றதென்பது தெரிந்துவிடும். வேகத்தை முன்னரே அறிந்திருப்பதால் விநாடிக்கு எத்தனை சுழற்சி என்பதும் கிடைக்கும். விடை விநாடிக்குப் பல பத்துச் சுழற்சிகள் என்று வந்தது. முழ நாடாவும் பிடி களிமண்ணும் கொண்டு கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை அவர் கையிற் பிடித்துக் காட்டினார்.

இவ்வளவைகளைக் கொண்டு கணக்கைப் புதுப்பித்தார். தடைவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும், தாங்கும் விசை வேகத்தையும் சுழற்சியையும் பெருக்கிய தொகைக்கு ஏற்பவும் மாறுவதாகக் கொண்டார். அச்சமன்பாடுகளை ஒரே மூச்சிலே தீர்க்க முடியாது. பந்தின் வழியைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் எண்களால் நிரப்பி வரைய வேண்டும். அவ்வாறு வரைந்த வளைவுகளிலே, புல்வெளியிற் கண்ட அந்நேர்வழியும் மேல்வளைவும் பிந்திய உச்சியும் தாமே தோன்றின. சுழலும் கோளத்தின் வழி பற்றிய அவ்வாராய்ச்சி எடின்பரோ அரச கழகத்தின் வெளியீடுகளிலே 1893ஆம் ஆண்டிலும் 1896ஆம் ஆண்டிலும் வந்தது.

ஆராய்ச்சி முடிந்தபோது அவர் உள்ளத்திலே இரக்கத்துக்குரிய எண்ணம் ஒன்று எழுந்தது. பந்து பின்னோக்கிச் சுழலுதல் கேடென்றும் அதனைத் தவிர்ப்பதே திறமையென்றும் இளமையில் அவருக்குக் கற்பித்திருந்தனர். அவரும் தம் ஆட்டக்காலம் முழுவதும் அதனைத் தவிர்க்கவே பாடுபட்டார். தாம் ஒழிக்க முயன்றதே தம் பந்தைத் தாங்க வல்ல துணையென்று அறிந்தபோது ஆடும் வயது கடந்துவிட்டது. முப்பத்தைந்தாண்டு பிந்தி உண்மை தெரிந்ததென்று அவர் தம்மைத் தாமே நகையாடி எழுதினார்.

கதையும் உண்மையும்

இனிக் கதைக்கு வருவோம். 1893ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், தம் இருபத்துமூன்றாம் பிறந்தநாளன்று, சென் அன்றூஸ் புல்வெளியிலே பிரெடி அடித்த பந்து 250 யார் தூரம் பறந்து வீழ்ந்து, உறைபனியால் இறுகிய நிலத்திலே உருண்டு, மொத்தம் 341 யார் தூரத்திலே போய் நின்றது. அக்காலத்துப் பந்து ஒரு மரத்தின் பாலை இறுக்கிச் செய்யப்பட்டது. இரப்பர் நூலைச் சுற்றிச் செய்யும் பந்து அன்று தோன்றவில்லை. ஆகவே அவ்வடி வியக்கத்தக்கதே.

அவ்வடிக்கு ஆறாண்டு முன்னரே பேராசிரியர் சுழற்சியைப்பற்றி எழுதியிருந்தார். 190 யார் என்னும் எல்லையை அவர் வகுத்தது சுழலாத பந்துக்கு. கதை சொல்வோர் அவ்வாக்கியத்திலிருந்து சுழலாத என்னும் ஒரு சொல்லை நழுவவிட்டனர். இலக்கணம் கற்பிப்போர் அதனை எதிர்மறைப் பெயரெச்சம் என்பர். ஓர் எச்சம் நீங்கியதனால் மெய்யான வாக்கியம் பொய்யாயிற்று. பேரறிஞர் ஒருவர் பேதையாக்கப்பட்டார். ஏட்டைப் பெயர்த்தெழுதுவோன் ஓரெழுத்தை விட்டால் பாட்டின் பொருள் கெடுவதை நாம் அறிவோம். அறிவியலிலும் அடைமொழி நீங்கினால் அதே கேடு நேரும்.

உண்மையோ கதையினும் அழகியது. மகனின் அடி தந்தையின் முடிபுக்கு எதிராகவன்று, சான்றாகவே நின்றது. சுழற்சியின்றி அடையமுடியாத தூரம் என்று தந்தை கூறிய எல்லையை மகனின் பந்து கடந்தது சுழற்சியினாலேயே. தந்தையின் ஊசலை அசைத்த கைகளும் அவையே. ஏடும் கையும் பகையல்ல என்பதற்கு இவ்விருவரினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

துயரமும் முடிவும்

1899ஆம் ஆண்டின் இறுதியிலே தென்னாபிரிக்காவிலே போயர் யுத்தம் மூண்டது. கறுப்புக் காவற்படை என்னும் ஸ்கொத்லாந்துப் படைப்பிரிவின் அதிகாரியாய்ப் பிரெடி கப்பலேறினார். டிசெம்பர் 11ஆம் நாள் மகர்ஸ்பொன்ரீன் என்னுமிடத்திலே அப்படை பேரழிவுக்குள்ளாயிற்று. பிரெடியின் காலிலே குண்டு பாய்ந்தது. புண் ஆறியதும் வீடு திரும்ப எண்ணாது மீண்டும் படையோடு சேர்ந்தார். 1900ஆம் ஆண்டு பெப்புருவரி 7ஆம் நாள் கூடூஸ்பேர்க் என்னுமிடத்திலே நிகழ்ந்த சண்டையிலே அவர் மாண்டார். முப்பதாவது பிறந்தநாள் கழிந்து நான்கு வாரமும் நிறையவில்லை.

செய்தி ஸ்கொத்லாந்து முழுவதையும் வருத்தியது. தந்தையை அது முறித்துவிட்டது. எறிபொருளின் வழியை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்த முதியவருக்கு, எங்கோ ஒரு நதிக்கரையிலே பறந்த குண்டொன்றின் வழி எங்கே முடிந்தது என்பது கடிதமாய் வந்தது. இதனை விரித்துரைக்க நம் எழுதுகோல் கூசுகின்றது. அவர் பணியை விட்டாரில்லை, வகுப்புக்கு வந்தார், அரச கழகத்திலே 1879ஆம் ஆண்டு முதல் தாம் வகித்த செயலாளர் கடமையையும் செய்தார். ஆயினும் உடல் நாளுக்கு நாள் தளர்ந்தது. அவ்வாண்டின் இறுதியோடு கற்பித்தல் நின்றது. அடுத்த ஆண்டிலே பதவியைத் துறந்தார்.

சலஞ்சர் கப்பலாராய்ச்சியில் ஈடுபட்ட ஜோன் மறே என்னும் நண்பர், கப்பலின் பெயரையே தாங்கிய தம் இல்லத்தைக் கடற்காற்றுக்காக அவருக்கு அளித்தார். அங்கேயும் டெயிற்றின் கை ஓயவில்லை. இறப்பதற்குச் சில நாள் முன்னர்வரை தாம் நெடுங்காலம் போற்றிய கணிதத் துறையொன்றிலே குறிப்புகள் எழுதினார். 1901ஆம் ஆண்டு யூலை மாதம் 4ஆம் நாள், எழுபதாம் வயதிலே, உயிர் பிரிந்தது.

காற்றுச் சுரங்கத்தின் தீர்ப்பு

அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தனர். ஒரு வினா அவர் காலத்திலே முற்றாக விடைபெறவில்லை. புத்தம் புதிய வழவழப்பான பந்து சரியாகப் பறப்பதில்லை. ஆடி ஆடிக் கோலின் வடுப்பட்ட பழைய பந்தோ நன்கு பறக்கின்றது. இதனை ஆட்டக்காரர் கண்டறிந்தபின் பந்து செய்வோர் தாமே வடுக்களைப் பொறித்து விற்றனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரத்து வில்லியம் ரெயிலர், சிறு குழிகள் நிறைந்த பந்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். காரணத்தை விளக்க வல்ல கருத்து டெயிற் மறைந்து மூன்றாண்டின்பின், 1904ஆம் ஆண்டிலே, ஜேர்மனியின் பிராண்டில் என்பவரால் வெளியாயிற்று. பொருளின் பரப்பை ஒட்டிச் செல்லும் மெல்லிய காற்றுப் படையே அதன் தடையை நிருணயிக்கின்றது என்பது அக்கருத்து.

பந்தைக் காற்றினூடே செலுத்தி அளப்பது கடினம். பந்தை நிறுத்திவைத்துக் காற்றை அதன்மீது செலுத்தினால் அளத்தல் எளிதாகும். அதற்காக அமைக்கப்படும் நீண்ட கூடமே காற்றுச் சுரங்கம். பாரிசிலே கோபுரம் எழுப்பிய ஈபெல் தம் முதுமையிலே அத்தகைய சுரங்கம் அமைத்துக் கோளங்களைச் சோதித்தபோது, ஒரு வேகத்தைக் கடந்ததும் கோளத்தின் தடை திடீரெனக் குறைவதைக் கண்டார். பிராண்டில் 1914ஆம் ஆண்டிலே அதன் காரணத்தைக் காட்டினார். பரப்பை ஒட்டிய காற்றுப்படை கலங்கிச் சுழிக்கும்போது அது கோளத்தின் பின்புறம்வரை ஒட்டி நிற்கின்றது, பின்னே தோன்றும் வெற்றுச் சுழல் ஒடுங்குகின்றது, தடை குறைகின்றது. கோல்ப் பந்தின் குழிகள் செய்வது அதுவே. குறைந்த வேகத்திலேயே காற்றுப்படையைக் கலக்கி, தடையை ஏறத்தாழப் பாதியாக்கிவிடுகின்றன.

1949ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் டேவிஸ் என்பவர், சுழலவிட்ட பந்துகளைக் காற்றுச் சுரங்கத்திலே வீழ்த்தி, விநாடிக்கு 105 அடி வேகத்திலே வீசும் காற்று அவற்றை எவ்வளவு தூரம் விலக்குகின்றது என்று அளந்தார். நிமிடத்துக்கு 8000 சுழற்சிவரை சோதித்தார். குழிகளுள்ள பந்து சுழற்சி மிக மிகத் தாங்கும் விசையை மிகுதியாகப் பெற்றது. வழவழப்பான பந்தோ குறைந்த சுழற்சியிலே எதிர்ப்புறமாகவும் தள்ளப்பட்டது. 1976ஆம் ஆண்டிலே இலண்டன் இம்பீரியல் கல்லூரி அறிஞர் இருவர் பந்தினும் பெரிய மாதிரிகளைச் சுரங்கத்திலே வைத்து அளவைகளை மேலும் செம்மைப்படுத்தினர். டெயிற் கொண்ட எளிய விகிதங்கள் திருத்தம் பெற்றன. சுழற்சியே பந்தைத் தாங்குகின்றது என்னும் அவர் முடிபோ அசையாது நின்றது.

இன்று கிரிக்கெற் பந்தின் தையலையும், உதைபந்தின் மூட்டுக்களையும், சைக்கிள் வீரரின் தலைக்கவசத்தையும், பனிச்சறுக்கு வீரரின் உடையையும் காற்றுச் சுரங்கத்திலே வைத்து அளக்கின்றனர். நூலளவு வேறுபாடும் வெற்றி தோல்வியை மாற்றுமென அறிந்தோர் அதற்குப் பெரும்பொருள் செலவிடுகின்றனர். விளையாட்டுப் பொருளொன்று பேராசிரியரின் ஆராய்ச்சிக்குத் தகுமோ என்று எவரும் இன்று வினவுவதில்லை. அவ்வினாவை அஞ்சாது முதலிற் கடந்து சென்றவருள் டெயிற் ஒருவர். புகை வளையத்திலே அணுவைத் தேடிய அதே கருத்தோடு பிள்ளைகள் ஆடும் பந்தையும் நோக்கினார். இரண்டுக்கும் ஒரே நேர்மையான கணக்கை எழுதினார்.

மாணவர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? கணக்கும் காட்சியும் மாறுபடுமிடத்திலே கற்றவன் வெட்கப்பட வேண்டியதில்லை. அவ்விடத்திலேதான் அவன் தொழில் தொடங்குகின்றது. அறிஞரொருவர் தோற்றார் என்னும் கதை காதில் விழும்போது, அவர் உரைத்த வாக்கியம் முழுவதையும் ஒருமுறை தேடிப் படித்தல் வேண்டும். இடையிலே ஒரு சிறு சொல் விழுந்திருத்தல் கூடும். சென் அன்றூஸ் புல்வெளியிலே எழுந்து, விழவேண்டிய இடத்தைக் கடந்து சென்ற அப்பந்து தந்தையைத் தோற்கடிக்கவில்லை. அவர் அளந்து சொன்ன வழியிலேயே அது சென்றது.